சதுர மீட்டர் கணக்கில் ஒரு சபதம்!

பந்தாட்டத் திடல்தானே, போனால் போகட்டும் என்பீர்களா? போயேதோ பேட்டை மக்களிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், தோழர்களே!

அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸில் இருக்கிறது அந்தப் பேட்டை. அங்கே 1916-ல் சான் லோரென்சோ கால்பந்துக் கழகம் அரங்கம் கண்டது. பளிங்கு இல்லை, பகட்டு இல்லை, படிக்கட்டெல்லாம் மரப்பலகை! வெளியே நின்று பார்த்தால் எரிவாயுத் தொட்டி போலத் தெரியுமாம். ஆகவே 'காஸோமெத்ரோ' என்றே மக்கள் பெயரிட்டழைத்தனர். ஏறத்தாழ 75,000 பேர் கூடிய இடம். பந்து மட்டுமா? நடனமும் விழாவும் கூட அங்கேதான். அரங்கம் என்பதைவிட, ஊர்ப் பொதுமுற்றம் என்பதே பொருந்தும்.

1976-ல் பட்டாளம் ஆட்சியைப் பறித்தது. கழகமோ கடனில் தத்தளித்தது. அந்த நேரம் பார்த்து, பட்டாளத்தார் அமர்த்திய நகர நிர்வாகம் நெருக்கியது: திடலின் நடுவே தெரு வரவேண்டும், குடியிருப்பு வரவேண்டும் என்று! 1979 டிசம்பர் 2-ல் போகா ஜூனியர்ஸோடு கடைசி ஆட்டம். கோல் இல்லை, வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. தோற்றது பேட்டைதான்! குறைந்த விலைக்கு நிலம் போயிற்று. தெரு வந்ததா? குடியிருப்பு வந்ததா? வந்தது பிரெஞ்சு முதலாளிகளின் கார்ஃபூர் பேரங்காடி! கோல் கம்பம் நின்ற மண்ணிலே கூடை தூக்கிச் சாமான் பொறுக்கும் கூட்டம்!

வீடிழந்த கழகம் 1981-ல் இரண்டாம் பிரிவுக்கும் இறங்கிற்று. விட்டு விலகினார்களா ரசிகர்கள்? வாடகைத் திடல்களிலே அலைகடலெனத் திரண்டனர். மறு ஆண்டே முதல் பிரிவுக்கு மீண்டனர். 1993-ல் பாஹோ ஃப்ளோரெஸ் பகுதியிலே புது அரங்கமும் கிடைத்தது. "அதுதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன?" என்றனர் விவேகிகள். விவேகிகளுக்கு எந்த நாட்டிலே பஞ்சம்!

பேட்டை மறக்கவில்லை. 2012 மார்ச் 8-ல் மாயோ சதுக்கத்திலே லட்சம் பேர் குவிந்தனர். அதே ஆண்டு நவம்பர் 15-ல் நகரச் சட்டமன்றம் நிலத்தைக் கழகத்துக்குத் திரும்ப விற்கச் சட்டம் செய்தது. ஆம், விற்க! பறித்தது குறைந்த விலைக்கு, திரும்பத் தருவதும் காசுக்கு! ரசிகர்கள் கலங்கவில்லை. ஆளுக்கொரு சதுர மீட்டர் என்று பணம் கட்டினர், தாம் ஆடிப்பாடிய மண்ணுக்கே.

2019 ஜூலை 1-ல் நிலம் கழகத்தின் கைக்கு வந்தது. அரங்கம் இன்னும் எழவில்லை. கழகத்தின் கடனும் தீரவில்லை. பணம் கட்டியவர்கள் காத்திருக்கிறார்கள்.