பெற்றோருக்கு ஒரு கடற்கரை விடுதி



"அப்பா அம்மாவுக்குத் திருமணமாகி ஐம்பது வருடம் ஆகிறது, ஐயா. இரண்டு மூன்று நாள் ஏதாவது கடற்கரையில் தங்க வைக்கலாம் என்றிருக்கிறோம். நல்ல இடமாகச் சொல்லுங்கள்" என்று மும்பையிலுள்ள நம் குடும்பங்களில் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. எண்ணம் மிக நல்லது. ஆயினும் நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. என் சொந்த அனுபவமே அதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் பெற்றோரைக் கேரளத்திலுள்ள வர்க்கலைக்கு அழைத்துச் சென்றேன். விளம்பரப் படத்தில் அறை ஜன்னலுக்கு நேரே கடல் தெரிந்தது. அதை மட்டும் பார்த்து முன்பணம் கட்டிவிட்டேன். வர்க்கலையில் கடற்கரையை ஒட்டிச் செங்குத்தான செம்பாறைக் குன்று நிற்கிறது. எங்கள் விடுதி அதன் உச்சியில் இருந்தது. கீழே இறங்கப் படிக்கட்டுகள்தாம். மூட்டுவலியுள்ள என் தாயார் முதல் நாளே பத்துப் படி இறங்கி நின்றுவிட்டார்கள். "நீங்க போயிட்டு வாங்க" என்று தகப்பனாரிடம் சொன்னார்கள். அவரும் போகவில்லை. மூன்று நாளும் இருவரும் குன்றின் மேலேயே நாற்காலியில் அமர்ந்து கடலைப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது ரயிலில், "தண்ணியில காலை நனைக்க முடியலையே" என்று தாயார் ஒருமுறை சொன்னார்கள்; அவ்வளவுதான். இன்னொரு பயணம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அன்று நான் கற்றது இதுவே: முதியோருக்கு விடுதி தேடுகிறவர் ஜன்னலிலிருந்து கடல் தெரிகிறதா என்று பார்த்தால் போதாது. படுக்கையிலிருந்து அலை வரை அவர்கள் எப்படி நடந்து போவார்கள் என்று பார்க்க வேண்டும்.

படுக்கையிலிருந்து அலை வரை

அந்தப் பாதையை முதலில் உங்கள் மனதில் நடந்து பாருங்கள். பின்பு விடுதிக்குத் தொலைபேசியில் பேசி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அறை தரைத்தளத்திலா? மாடியென்றால் லிஃப்ட் உண்டா? உட்கார்ந்து எழும் கழிப்பறையா? அதன் அருகே சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? குளியலறைத் தரை வழுக்குமா? குளியல் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் குளிக்க வேண்டுமென்றால் அந்த அறை வேண்டாம். சாப்பாட்டுக் கூடம் எவ்வளவு தூரம்? வாசலிலிருந்து மணல் வரை படிகள் எத்தனை? "பக்கத்தில்தான்" என்னும் பதிலோடு திருப்தியடையாதீர்கள். குளியலறையையும் பாதையையும் படமெடுத்து அனுப்பும்படி கேட்பதில் தவறில்லை.

உலர்ந்த மணலில் கால் புதையும். முழங்கால் நோயாளிக்கு அது மலையேறுவது போல இருக்கும். கடல் வற்றியிருக்கும் வேளையில் ஈரமணல் இறுகி, நடக்க எளிதாயிருக்கும். அந்த நேரத்தை விடுதியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எந்தக் கடற்கரை?

மும்பைவாசிகளுக்குக் கோவா அருகில் உள்ளது. ஆனால் கோவா முழுவதும் ஒரே தன்மையுடையதல்ல. வடக்கிலுள்ள கலங்கூட், பாகா ஆகியவை கூட்டமும் இரைச்சலும் மிகுந்தவை. தெற்கே கோல்வா, பெனாலிம், வார்க்கா, கவேலோசிம் என நீண்டு செல்லும் கரை சமதளமானது. கோல்வாவைத் தாண்டிச் செல்லச் செல்ல அமைதியும் அதிகம். கொங்கண் ரயிலில் மட்காவ் சென்று இறங்கினால் இவை தொலைவில் இல்லை. மாவட்ட மருத்துவமனையும் மட்காவிலேயே இருக்கிறது. ரயிலில் 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. முன்பதிவின்போது அதைத் தேர்ந்தெடுக்க மறவாதீர்கள்.

அந்தமானின் ராதாநகர் கடற்கரை மிக அழகானது. ஆனால் விமானத்தில் சென்று, மறுபடியும் கப்பலேறித்தான் அந்தத் தீவை அடைய வேண்டும். இருதய நோயுள்ளவர்களுக்கு இரவில் உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வது என்பதை யோசித்துத் தீர்மானியுங்கள்.

காலமும் கடலும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடற்கரையில் மழையும் சீற்றமும் மிகுதி. டிசம்பர் கடைசி வாரத்தில் கூட்டமும் வாடகையும் மிகுதி. நவம்பரிலோ, ஜனவரி, பிப்ரவரியிலோ, வார நாட்களில் செல்வது நலம்.

சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கலாகாது. சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு இடையிலுள்ள பகுதியே உயிர்காப்பாளர் கண்காணிக்கும் இடம். கணுக்கால் நீரிலும் திரும்பும் அலை காலடி மணலை அரித்துச் செல்லும். ஆகவே கடலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் நண்பகல் மணலில் வெறுங்காலோடு நடந்தால், சுட்டுப் புண்ணாவதுகூடத் தெரியாது. செருப்பு அவசியம். இன்சுலினைக் கைப்பையிலேயே வையுங்கள். அறையில் குளிர்பெட்டி உண்டா என்று கேளுங்கள். காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதையும் விசாரியுங்கள். மருந்து போட்டுவிட்டுப் பசியோடு காத்திருப்பது ஆபத்து.

முதலில் அவர்களைக் கேளுங்கள்

இவை எல்லாவற்றிற்கும் முன்னே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அவர்களையே கேளுங்கள். தகப்பனாருக்கு மீன்பிடி படகுகளைப் பார்க்க ஆசையிருக்கலாம். தாயாருக்கு யாரும் சமைக்கச் சொல்லாத மூன்று நாள் போதுமாயிருக்கலாம். பேரப்பிள்ளைகளைக் காவல் காக்க அவர்களை அழைத்துச் செல்லாதீர்கள். செலவுக் கணக்கை அவர்கள் காதில் போடாதீர்கள். துணைக்குச் செல்வதானால் பக்கத்து அறையில் தங்கி, மாலை வேளையை அவர்கள் இருவருக்கும் விட்டுவிடுங்கள்.

படங்களைப் பார்ப்பதற்குக் கொடுக்கும் ஒரு மணி நேரத்தை இந்தக் கேள்விகளுக்குக் கொடுங்கள், வாசகரே. உங்கள் தாயார் தண்ணீரில் கால் நனைத்து நிற்பதை நீங்கள் காண்பீர்கள். நான் அதைக் காணவில்லை.