நீரும் என்பும்

உடம்பைத் தாங்கி நிற்பது என்பு. அன்பின் உயர்வைக் கூறப் புகுந்த வள்ளுவப் பெருந்தகையும் என்பையே சான்றாக எடுத்தாண்டார். அத்தகைய என்பு நாம் அன்றாடம் பருகும் நீராலேயே நலிவுறக்கூடும். இதனைக் கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்ட மக்கள் பலர் தம் உடம்பாலேயே அறிந்துள்ளனர். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் மாணவ மாணவியரை நாம் வகுப்பறையில் காண்கிறோம். பல்லில் படிந்த பழுப்புக் கோடுகளே அதற்குக் காரணம். பல் உருவாகும் இளமைப் பருவத்தில் குடித்த நீரிலிருந்த ஃபுளூரைடு இட்ட கறை அது, துலக்கினால் போவதன்று.

பாறையிலிருந்து குடத்துக்கு

இப்பகுதியின் நிலத்தடியில் கருங்கல் முதலிய கடும்பாறைகள் உள்ளன. அவற்றின் கனிமங்கள் சிலவற்றில் ஃபுளூரைடு அடங்கியுள்ளது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீரில் அது மெல்லக் கரைகிறது. மழை பொய்த்துத் திறந்த கிணறுகள் வற்றவே, ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. அவ்வழியே பாறையோடு நெடுநாள் கிடந்த நீர் நம் குடத்துக்கு வந்தது.

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வரும்போது நாம் அஞ்சுகிறோம். அவ்வச்சம் முறையானதே. ஆனால் குடிநீரில் கரைந்த ஃபுளூரைடுக்கு நிறமில்லை, மணமுமில்லை. தெளிந்த நீரென்று நம்பிப் பருகுவதே இங்கு இடராகிறது.

என்பினுள் நிகழ்வது

உட்சென்ற ஃபுளூரைடில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். உடம்பில் தங்குவதில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலுமே சேர்கிறது. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு சேரும் எலும்பு, எக்ஸ்ரே படத்தில் அடர்த்தி மிக்கதாகத் தோன்றும். ஆயினும் எளிதில் முறியும். மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் சுண்ணாம்பேறி இறுகும். முதலில் மூட்டுவலி வரும். பின்னர்க் கழுத்தும் முதுகும் விறைக்கும். நோய் முற்றினால் தண்டுவடம் நெரிபட்டு நடையும் தளரும். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் இந்நோயை ஆராய்ந்த ஷார்ட் முதலிய மருத்துவர்கள், இந்நரம்புக் கேட்டினை 1937ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தனர்.

பாறையேயன்றித் தொழிலும் என்பைக் கெடுக்கவல்லது. சப்பானில் சின்சு ஆற்றில் கலந்த சுரங்கக் கழிவின் காட்மியம், வயல்வழியே சோற்றில் புகுந்தது. அதனை உண்டோரின் எலும்புகள் மென்மையுற்று முறிந்தன. ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்னும் பொருள்பட ‘இத்தாய் இத்தாய்’ என்றே அந்நோய்க்குப் பெயர் வழங்கலாயிற்று. சப்பானிய அரசு அதனை மாசினால் விளைந்த நோயென 1968இல் ஏற்றது. ஆலைகள் மிகுந்த எல்லைப்புறத்தில் வாழும் நாம் மறத்தற்கரிய பாடம் இது.

தீர்வு

முதிர்ந்த என்புநோயை முற்றிலும் மாற்றும் மருந்தில்லை. ஆதலின் வருமுன் காத்தலே வழி. சப்பானிய நிதியுதவியுடன் 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013 முதல் இவ்விரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரை வழங்கி வருகிறது. அந்நீர் வாராத நாளில் பழைய ஆழ்துளைக் கிணற்றை நாடும்போதுதான் விழிப்பு வேண்டும். இந்தியத் தர அளவின்படி ஒரு லிட்டர் நீரில் ஃபுளூரைடு 1 மில்லிகிராமுக்கு மிகாதிருத்தல் நன்று. வேறு நீரே இல்லாதவிடத்து 1.5 வரை ஏற்கலாம். கொதிக்கவைத்தால் ஃபுளூரைடு நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவே கூடும். படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுத் தெளியவைக்கும் ‘நல்கொண்டா முறை’ பயன் தரும். ஆனால் அளவறிந்து செய்தல் வேண்டும்.

உணவும் துணைபுரியும். சுண்ணாம்புச்சத்து நிறைந்த கேழ்வரகு இம்மண்ணின் பழைய உணவு. களியும் கூழும் ஏழையர் உணவென்று இகழ்ந்து கைவிடுதல் நமக்கே இழப்பாகும்.

மூட்டுவலியை முதுமையென்றும் உழைப்பின் களைப்பென்றும் தள்ளிவிடுவது நம் வழக்கம். மருத்துவரிடம் வலியைச் சொல்வதோடு, எந்த நீரைக் குடிக்கிறோம் என்பதையும் சொல்லுதல் வேண்டும். நம் மாணவர்கள் தத்தம் ஊர்க் கிணற்று நீரை ஒரு குப்பியில் எடுத்துச் சென்று ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்களாயின், அதுவே ஊருக்குச் செய்யும் பெருந்தொண்டாகும். வரும் தலைமுறையேனும் வாய் மறையாது சிரிக்கட்டும்.