வேனில் டேப்லெட்: தாங்கி நிலைக்கட்டும், கருவி இறங்கட்டும்

பள்ளி விடுமுறை வந்தால் போதும், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கேம்பர் வேன்கள் கண்ணில் படத் தொடங்கிவிடும். படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை என்று உள்ளே ஒரு சிறு வீடே இருக்கும். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் இப்போது டேப்லெட் ஒன்றும் இடம்பிடித்துவிட்டது. வழி காட்டவும் பாட்டுக் கேட்கவும் அது ஒன்றே போதும் என்பதால், பழைய வானொலிப் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டேப்லெட்டைத் திருகாணி போட்டு இறுக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் அப்படி நிரந்தரமாகப் பொருத்துவது சரியா? தாங்கியை நிரந்தரமாகப் பொருத்துங்கள், டேப்லெட்டை மட்டும் வேனை விட்டு இறங்கும்போதெல்லாம் கையோடு எடுத்துச் செல்லுங்கள் என்பதே அறிவியல் தரும் பதில். அதற்கான காரணங்களையும், பொருத்தும்போது கவனிக்க வேண்டியவற்றையும் பார்ப்போம்.

வெயிலில் நிற்கும் வேன்

டேப்லெட்டின் உள்ளே இருப்பது லித்தியம் அயனி மின்கலம். இதன் உருவாக்கத்துக்காகவே ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிறிய இடத்தில் நிறைய ஆற்றலைச் சேமிக்கும் இந்த மின்கலத்துக்கு வெப்பம் ஆகாது. ஐபேட்டை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தலாம், அணைத்து வைத்திருக்கும்போது 45 பாகை வரை போகலாம் என்கிறது ஆப்பிள் நிறுவனம்.

இப்போது நம் வேனுக்கு வருவோம். வெயிலில் மூடி நிறுத்தப்பட்ட காருக்குள் எவ்வளவு சூடேறும் என்று அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். முடிவுகள் 2005-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளிவந்தன. வெளியே 22 பாகை இருந்த நாளிலும் 36 பாகை இருந்த நாளிலும், ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 பாகை கூடியது. அதில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது.

நம் ஊரில் வெளியே 33 பாகை என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் வேனுக்குள் 55 பாகை! இது உள்ளே இருக்கும் காற்றின் வெப்பம் மட்டுமே. நேரடி வெயில் படும் கறுப்பு டாஷ்போர்டு இதைவிட அதிகமாகச் சுடும். நம் பக்கத்து மாநிலமான பெர்லிஸின் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் 40.1 பாகை பதிவானது. நாட்டிலேயே மிக அதிகமாகப் பதிவான வெப்பநிலை அது. அப்படிப்பட்ட நாளில் நிழலில்கூட டேப்லெட்டுக்கு வரம்பு மீறிய சூடுதான்.

வெப்பம் ஏறினால் மின்கலத்துக்குள் நடக்கக்கூடாத வேதிவினைகள் வேகமெடுக்கும். அவற்றில் வாயு உண்டாகும். மூடிய உறைக்குள் வாயு வெளியேற வழி இல்லாததால் மின்கலம் உப்பும், திரை சட்டத்திலிருந்து தூக்கிக்கொள்ளும். அரிதாகத் தீப்பற்றுவதும் உண்டு. மின்கலம் எந்நேரமும் 100 விழுக்காடு நிரம்பியே இருந்தால் பாதிப்பு இன்னும் கூடும். வேனிலேயே பொருத்தி, எப்போதும் மின்னேற்றத்தில் விட்ட டேப்லெட்டுக்கு இந்த இரண்டு தொல்லைகளும் சேர்ந்தே வருகின்றன. குடும்பம் படுத்துறங்கும் வண்டியில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

ஆகவே கழற்றி எடுக்கும் வசதியுள்ள தாங்கியை வாங்குங்கள். மின்னேற்றத்தை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் அமைப்பு உங்கள் டேப்லெட்டில் இருந்தால் அதை முடுக்கி வையுங்கள். திரை உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம். மின்னேற்றத்தை நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை

கடாரத்தைத் தேடிக் கடல் கடந்து வந்த பழங்கால மாலுமிகளுக்கு நம் ஜெராய் மலைதான் அடையாளம். சமவெளியிலிருந்து தனியாக 1,217 மீட்டர் எழுந்து நிற்கும் மலை என்பதால் வெகு தொலைவிலேயே கண்ணில் படும். இன்று அந்த வேலையை ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் செய்கின்றன.

ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் அறிவித்தபடியே இருக்கும். அந்த அலை நம்மை வந்தடைய எடுத்த நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் நம் இடம் தெரிந்துவிடும். ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிசகினால் தூரம் 300 மீட்டர் தவறும். அதனால்தான் அவற்றில் அணுக்கடிகாரங்கள் உள்ளன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இடத்தை அறிய இணையம் தேவையில்லை. ஜிபிஎஸ் ஏற்பி என்னும் வன்பொருள் கருவிக்குள் இருந்தால் போதும். பல டேப்லெட்டுகளில் அது இருப்பதில்லை. வைஃபை மட்டும் உள்ள ஐபேட்டில் ஜிபிஎஸ் கிடையாது, சிம் வசதியுள்ள ஐபேட்டில் உண்டு. மற்ற நிறுவனங்களின் மலிவான டேப்லெட்டுகளிலும் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டால், நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு வரைபடத்தில் உங்கள் புள்ளி நகராது.

கடையிலேயே விவரத்தாளைக் கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே வைத்திருக்கும் கருவி என்றால், வைஃபையையும் தரவையும் அணைத்துவிட்டுத் திறந்தவெளியில் சில நிமிடங்கள் நில்லுங்கள். வரைபடத்தில் உங்கள் புள்ளி சரியான இடத்தில் வந்து, நீங்கள் நடக்கும்போது கூடவே நகர்ந்தால் ஏற்பி இருக்கிறது. ‘சில நிமிடங்கள்’ என்பதற்கும் காரணம் உண்டு. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் அனுப்புகிறது. இணையம் இருந்தால் இந்த விவரம் வேறு வழியில் விரைவாகக் கிடைத்துவிடும், இல்லையென்றால் காத்திருக்க வேண்டும்.

வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் ஒரு வட்டாரத்தைச் சேமித்து வைக்கலாம். 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் தன்னார்வலர் வரைபடத்தைப் பயன்படுத்தும் செயலிகளில் நாடு முழுவதையும் சேமிக்கலாம். சிக், பாலிங், பெடு ஏரி என்று உள்ளே போகும்போது தொலைபேசி அலைவரிசை விட்டுப்போனாலும் வழி விட்டுப்போகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூமிக்கு வந்து சேரும் ஜிபிஎஸ் அலை மிக மிக மெலிந்தது. கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள கருமைத் தாள் ஒட்டியிருந்தால் அது இன்னும் மெலியும். புள்ளி அடிக்கடி தடுமாறினால் முதலில் கண்ணாடியைச் சந்தேகப்படுங்கள்.

5 வோல்ட், 12 வோல்ட்

வேனின் பேட்டரி 12 வோல்ட், டேப்லெட் பொதுவாகக் கேட்பது 5 வோல்ட். இடையில் ஒரு மாற்றி வேண்டும். அதை எங்கே வைப்பது? படிவம் 5 இயற்பியலில் வரும் ஓம் விதியே இதற்கு விடை சொல்லும்.

டேப்லெட்டுக்கு 10 வாட் தேவை என்று கொள்வோம். 5 வோல்ட்டில் அது 2 ஆம்பியர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 3 மீட்டர் இழுத்தால், போக வர 6 மீட்டர், மின்தடை ஏறத்தாழ 0.2 ஓம். மாற்றியைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து 5 வோல்ட்டைக் கம்பியில் அனுப்பினால் வழியிலேயே 0.4 வோல்ட் போய்விடும். அது 8 விழுக்காடு இழப்பு. டேப்லெட் மெதுவாக மின்னேறும், சில சமயம் ஏறவே ஏறாது. மாறாக, 12 வோல்ட்டை அனுப்பி, டேப்லெட்டுக்குப் பக்கத்தில் மாற்றியை வைத்தால் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 1 ஆம்பியர்தான். இழப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே மாற்றி டாஷ்போர்டின் பின்னால் இருக்கட்டும்.

அதைவிட முக்கியமானது பியூஸ். கம்பியின் தோல் உரிந்து வண்டியின் உடம்பில் பட்டால், வேன் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். மெல்லிய கம்பி சில நொடிகளில் பழுத்துவிடும், தீ அங்கிருந்துதான் தொடங்கும். கம்பி பேட்டரியிலிருந்தோ பியூஸ் பெட்டியிலிருந்தோ புறப்படும் இடத்திலேயே 3 ஆம்பியர் பியூஸைப் பொருத்துங்கள். டேப்லெட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்தால், அதற்கு முன்னால் உள்ள கம்பிக்குப் பாதுகாப்பே இல்லை.

சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரும் இணைப்பிலிருந்து எடுப்பது நல்லது. மாற்றி சும்மா இருக்கும்போதும் 20 மில்லி ஆம்பியர் இழுத்தால், வீட்டு வாசலில் ஒரு மாதம் நிற்கும் வேனின் பேட்டரியிலிருந்து 14 ஆம்பியர் மணி காலியாகிவிடும். இந்த வேலை கைவராதவர்கள் வாகன மின்பட்டறையில் கொடுத்துச் செய்யலாம். பியூஸ் எங்கே வைத்தார்கள் என்று மட்டும் மறக்காமல் கேளுங்கள்.

பாட்டோடு சேர்ந்து பாடும் இன்ஜின்

டேப்லெட்டிலிருந்து கம்பி வழியாக ஒலிபெருக்கிக்குப் பாட்டை அனுப்பும்போது சிலருக்கு ஒரு ‘ஙொய்’ சத்தம் கேட்கும். எண்ணெயை மிதித்தால் அதுவும் சுருதி ஏறும். டேப்லெட் மின்னேறுவதும் ஒலிபெருக்கி இயங்குவதும் ஒரே பேட்டரியில்தான். இரண்டுக்கும் நிலமுனை வேறு வேறு இடத்தில் இருந்தால், மின்னாக்கியின் ஏற்ற இறக்கம் அந்த வளையத்தின் வழியே ஒலிக்குள் புகுந்துவிடும். மின்னேற்றக் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் இதுதான். புளூடூத்தில் அனுப்பினால் கம்பியே இல்லாததால் வளையமும் இல்லை.

பாட்டுக்கும் இணையத்தை நம்ப வேண்டியதில்லை. 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டு 58 மெகாபைட்டுக்குள் அடங்கும். நூறு மணி நேரத்துக்கு இளையராஜாவைச் சேமித்தாலும் 6 கிகாபைட் ஆகாது.

கண்ணும் சாலையும்

நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வேன் ஒரு நொடியில் 30 மீட்டருக்கு மேல் கடக்கிறது. இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 61 மீட்டர். ஐந்து பேருந்துகளை வரிசையாக நிறுத்தக்கூடிய தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2013-இல் வாகனத் திரைகளுக்கு வகுத்த வழிகாட்டியில், ஒரு பார்வை 2 நொடியைத் தாண்டக்கூடாது என்றது. அந்த 2 நொடியின் விலைதான் இந்த 61 மீட்டர்.

எனவே தாங்கி, சாலையைப் பார்க்கும் கண் சற்றே இறங்கினால் எட்டும் இடத்தில், டாஷ்போர்டின் நடுவில் இருக்க வேண்டும். முன்கண்ணாடியை மறைக்கக்கூடாது. காற்றுப்பை விரியும் வழியிலும் கூடாது. குளிர்காற்று வரும் துவாரத்தின் முன்னால் அமைந்தால் கருவியும் குளிரும். 10 அங்குலத்தைவிட 8 அங்குலத் திரையே வேனுக்குப் பொருத்தம். எடை குறைவு என்பது இங்கே சிறிய விஷயமில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி 0.1 நொடியில் நின்றால், அரைக் கிலோ டேப்லெட் ஏறத்தாழ 7 கிலோ எடையின் விசையோடு தாங்கியை இழுக்கும். உறிஞ்சு கிண்ணம் அதற்குத் தாங்காது, திருகாணி போட்ட தாங்கி வேண்டும்.

சேருமிடத்தையும் பாட்டு வரிசையையும் புறப்படும் முன்பே அமைத்துவிடுங்கள். வழியில் மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர் மாற்றட்டும். ஓட்டுபவருக்கு வழிகாட்டும் குரல் போதும்.

அடுத்த பயணத்துக்கு முன் நான்கைச் சரிபாருங்கள்: இணையம் இல்லாமல் புள்ளி நகர்கிறதா, பியூஸ் கம்பியின் தொடக்கத்தில் இருக்கிறதா, தாங்கி கையால் உலுக்கினாலும் அசையாமல் நிற்கிறதா, டேப்லெட் ஒரே கையால் கழன்று வருகிறதா. நான்காவதற்கு விடை ‘இல்லை’ என்றால் தாங்கியை மாற்றுங்கள். ஓய்விடத்தில் தேநீர் குடிக்க இறங்கும்போது பிள்ளைகளோடு டேப்லெட்டும் இறங்க வேண்டும்.