கால் நொண்டியது; பேனா ஓடியது!

மன்னார் வளைகுடா. அதன் ஒரு கரையில் தூத்துக்குடி. எதிர்க்கரையில் இலங்கை. இரண்டு கரைக்கும் பொதுவான செல்வம் ஒன்று அந்தக் கடலின் அடியில் இருந்தது. அதுதான் முத்து.

அந்த முத்துப் படுகையில் ஒரு நாள் பயங்கரமான சண்டை நடந்தது. ஒரு பக்கம் பெரிய சுறாமீன். மறுபக்கம் கையில் கத்தியுடன் ஒரு மனிதன். அருகே, சுறாவிடம் அடிபட்டு மயங்கிக் கிடந்தார் ஓர் ஏழை முத்துக்குளிப்பவர்.

பயப்பட வேண்டாம். இது நிஜத்தில் நடந்த சண்டை அல்ல. கதையில் நடந்தது!

அந்தக் கதையை எழுதியவர் தூத்துக்குடிக்கு வந்ததில்லை. இந்தியாவையே பார்த்ததில்லை. அவர் பிரான்சு நாட்டவர். பெயர் ஜூல்ஸ் வெர்ன்.

உலகமே வியந்து படித்த அதிசயக் கதைகளை எழுதியவர் அவர். ஆனால் அவர் வாழ்நாளில் பெரும் பகுதியை வலியோடு கழித்தார் என்பது பலருக்குத் தெரியாது.

கடலுக்கு அடியில்

அந்தக் கதையின் பெயர் "கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்". 1869, 1870-ம் ஆண்டுகளில் ஒரு பத்திரிகையில் தொடர்கதையாக வெளிவந்தது.

லீக் என்பது பழைய காலத்துத் தூர அளவு. கதைக் கணக்கில் ஒரு லீக் 4 கிலோமீட்டர். இருபதாயிரம் லீக் என்றால் 80 ஆயிரம் கிலோமீட்டர். அது கடலின் ஆழம் அல்ல. நீர்மூழ்கிக் கப்பல் சுற்றி வந்த தூரம்.

கப்பலின் பெயர் நாட்டிலஸ். அதன் தலைவர் கேப்டன் நெமோ. அவர் தன் விருந்தாளிகளை மன்னார் முத்துப் படுகைக்கு அழைத்து வருகிறார். எல்லோரும் மூழ்கும் உடை அணிந்து கடலின் தரையில் நடந்து போகிறார்கள்.

அங்கே ஓர் இந்தியர் தனியாக முத்துக் குளித்துக்கொண்டு இருக்கிறார். கல்லின் துணையால் கீழே இறங்குகிறார். சிப்பிகளைப் பறிக்கிறார். மூச்சு முட்டியதும் மேலே போகிறார். மறுபடியும் இறங்குகிறார். அப்போது சுறா பாய்கிறது.

நெமோ கத்தியுடன் குறுக்கே பாய்கிறார். சுறா அவரையும் கீழே தள்ளிவிடுகிறது. அந்த நேரத்தில் கூட வந்த வீரர் ஈட்டியால் குத்திச் சுறாவைக் கொல்கிறார். நெமோ எழுந்து, அந்த ஏழையை மேலே தூக்கிச் சென்று உயிர் பிழைக்க வைக்கிறார். ஒரு பை நிறைய முத்தும் கொடுக்கிறார்!

இந்த நெமோ யார்? இன்னொரு கதையில் அந்த ரகசியத்தை வெர்ன் உடைத்தார். "மர்மத் தீவு" என்ற அந்தக் கதை 1875-ல் முடிந்தது. நெமோ ஓர் இந்திய இளவரசர்! திப்பு சுல்தானின் உறவினர். 1857-ம் ஆண்டு வெள்ளையரை எதிர்த்துப் போர் செய்தவர். இப்படி எழுதினார் வெர்ன்.

துறைமுகத்துப் பிள்ளை

வெர்ன் 1828-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி நான்டஸ் நகரில் பிறந்தார். தூத்துக்குடியைப் போலவே அதுவும் ஒரு துறைமுக நகரம். கப்பல்களைப் பார்த்தே வளர்ந்தார்.

தந்தை வக்கீல். மகனும் வக்கீலாக வேண்டும் என்பது அவர் ஆசை. சட்டம் படிக்கப் பாரிசுக்கு அனுப்பினார். மகன் சட்டம் படித்தார். ஆனால் மனம் கதையில் இருந்தது.

பாரிசில் இருந்தபோதே உடம்பு படுத்தத் தொடங்கியது. அடிக்கடி வயிற்று வலி வந்தது. பிறகு முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. காதுக்குள் ஏற்பட்ட கோளாறு அதற்குக் காரணம். அது ஒரு தடவையோடு போகவில்லை. குணமாகும், மறுபடியும் வரும்.

1857-ல் திருமணம் நடந்தது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுமே! பங்கு மார்க்கெட்டில் வேலை பார்த்தார். ஆனாலும் எழுதுவதை விடவில்லை. அதிகாலையில் எழுந்து எழுதுவார். பிறகு வேலைக்குப் போவார்.

1863-ல் "பலூனில் ஐந்து வாரங்கள்" என்ற கதை வெளிவந்தது. புகழ் வந்தது. பணமும் வந்தது. ஒரு மீன்பிடி படகை வாங்கி, அதில் மேஜை போட்டுக்கொண்டார். முத்துக்குளிக்கும் காட்சி வரும் அந்தக் கதையின் ஒரு பகுதியை அந்தப் படகில் இருந்துதான் எழுதினார்.

துப்பாக்கிக் குண்டு

1886-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி. வெர்னுக்கு அப்போது வயது 58. அமியன் என்ற ஊரில் குடியிருந்தார். வெளியே போய்விட்டு வீடு திரும்பினார்.

வாசலில் அவருடைய தம்பி மகன் நின்றுகொண்டு இருந்தான். பெரியப்பாவிடம் பாசமாக இருந்த பிள்ளைதான். ஆனால் அவனுக்கு மனநோய் கண்டிருந்தது. கையில் துப்பாக்கி!

இரண்டு தடவை சுட்டான். ஒரு குண்டு குறி தவறியது. இன்னொரு குண்டு வெர்னின் இடது காலில் பாய்ந்தது.

டாக்டர்கள் முயன்று பார்த்தார்கள். குண்டை எடுக்க முடியவில்லை. அது காலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அன்று முதல் சாகும் வரை வெர்ன் நொண்டி நொண்டித்தான் நடந்தார்.

சோதனை அதோடு நிற்கவில்லை. அவருடைய கதைகளை வெளியிட்டு வந்த ஹெட்சல், குண்டு பாய்ந்த அடுத்த வாரமே இறந்துபோனார். மறு ஆண்டு தாயும் இறந்தார். பிறகு நீரிழிவு நோய் வந்தது. கண்ணில் புரை விழுந்தது. காதும் மந்தமானது.

வேறு ஒருவராக இருந்தால், "போதும் இந்தப் பிழைப்பு" என்று படுத்திருப்பார். வெர்ன் என்ன செய்தார்?

காலை 5 மணி

தினமும் காலை 5 மணிக்கு எழுந்தார். 11 மணி வரை எழுதினார். அதோடு நிறுத்திவிட்டார்!

சாப்பிட்ட பிறகு, ஊரில் இருந்த வாசகசாலைக்குப் போவார். பத்திரிகைகளைப் படித்துக் குறிப்பு எடுப்பார். இரவில் சீக்கிரம் படுத்துவிடுவார்.

அவர் எழுதிய அறை அரண்மனை அல்ல, சின்ன அறை. ஜன்னல் ஓரம் ஒரு சாதாரண மேஜை. பக்கத்தில் ஓர் இரும்புக் கட்டில். எழுத்து மேஜைக்கும் படுக்கைக்கும் இடையே சில அடி தூரம்தான். நோயாளிக்கு எவ்வளவு வசதி!

குண்டு பாய்ந்த பிறகு அவர் 19 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்தக் காலத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் வெளிவந்தன. 1888-ல் நகரசபைத் தேர்தலிலும் வெற்றி பெற்று ஊருக்கு உழைத்தார்.

இன்னொரு தந்திரமும் அவரிடம் இருந்தது. எழுதி முடித்ததை எல்லாம் உடனே வெளியிடவில்லை. வருங்காலத்துக்கு என்று சில நாவல்களைப் பெட்டியில் சேர்த்து வைத்தார். நல்ல நாளில் சேர்த்தால்தான் கெட்ட நாளில் கை கொடுக்கும் என்பது அவருக்குத் தெரிந்து இருந்தது.

1905-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி வெர்ன் இறந்தார். அதற்குப் பிறகும் அவருடைய புதிய கதைகள் வெளிவந்தன!

இன்றும் ஒருவர்

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். நம் காலத்திலும் ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தைச் சேர்ந்த மாயாஜால நாவலாசிரியை சூசன்னா கிளார்க்.

2004-ல் அவருடைய முதல் நாவல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. அதன் பிறகு அவர் நோயில் விழுந்தார். எத்தனை ஓய்வு எடுத்தாலும் தீராத களைப்பு நோய் அது. அடுத்த நாவல் 2020-ல்தான் வெளிவந்தது. இடையில் 16 ஆண்டுகள்!

முடிவே இல்லாத ஒரு பெரிய மாளிகை. அதன் கீழ் அறைகளில் கடல் அலை புகுந்து போகிறது. அங்கே தனியாக ஒரு மனிதன். "பிரனேசி" என்ற அந்த நாவலின் கதை இது. 2021-ல் அதற்குப் பெண் எழுத்தாளர்களுக்கான பெரிய பரிசு கிடைத்தது.

சிப்பி சொல்லும் பாடம்

முத்து எப்படி உண்டாகிறது? சிப்பிக்குள் மணல் விழுந்தால் முத்து உண்டாகும் என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் அப்படி இல்லை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். சிறு புழு உள்ளே புகுந்தாலோ, சிப்பியின் சதையில் காயம் பட்டாலோ, அந்த இடத்தைச் சுற்றிச் சிப்பி பளபளப்பான பூச்சைப் பூசுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப் பூச முத்தாகிறது.

உடனே, "வலி இருந்தால்தான் நல்ல கதை பிறக்கும்" என்று சிலர் சொல்லிவிடுவார்கள். அது தவறு!

முத்துக் குளித்தவர்களைக் கேட்டால் உண்மை தெரியும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். அன்று கடலில் இறங்கியவர்களுக்குத் தெரியும், ஆயிரம் சிப்பியை உடைத்தாலும் நல்ல முத்து ஒன்றிரண்டு கிடைப்பதே அரிது என்று.

காயம் பட்ட சிப்பி எல்லாம் முத்துத் தருவது இல்லை. வலிப்பட்ட மனிதர் எல்லாம் எழுத்தாளர் ஆவதும் இல்லை. முத்தாக்குவது காயம் அல்ல. நாள்தோறும் விடாமல் பூசும் பூச்சு.

உங்கள் வீட்டில்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இடுப்பு வலி, மூட்டு வலி, தலைவலி என்று அது பல வீடுகளில் இருக்கிறது. வெளியே தெரிவது இல்லை. அதனால், "சும்மா நடிக்கிறார்" என்று வீட்டில் உள்ளவர்களே சொல்லிவிடுகிறார்கள். வலியைவிட அந்தப் பேச்சுதான் அதிகம் குத்தும்!

இப்படிப்பட்டவர்களுக்கு இன்றைய டாக்டர்கள் ஒரு வழி சொல்கிறார்கள். வலி குறைந்த நாளில், எல்லா வேலையையும் ஒரே மூச்சில் செய்யக் கூடாது. செய்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். வலி கூடிய நாளில் முழுக்க முடங்கவும் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து அளவாகச் செய்ய வேண்டும். நேரம் ஆனதும் நிறுத்த வேண்டும்.

11 மணிக்குப் பேனாவை மூடிவைத்த வெர்ன் செய்ததும் இதைத்தான்.

முத்துக்குளிப்பவரும் அப்படித்தான். ஒரு மூச்சுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் எடுப்பார். பேராசைப்பட்டு இன்னும் கொஞ்சம் என்று தங்கினால் ஆபத்து. மேலே வந்து மூச்சு வாங்கினால்தான் மறுபடியும் இறங்க முடியும்.

அவரோடு ஒரு கயிறும் கடலுக்குள் இறங்கும். அதன் மறுநுனியைப் படகில் ஒருவர் பிடித்துக்கொண்டு இருப்பார். கயிறு அசைந்ததும் மேலே இழுப்பார். அந்தக் கயிற்றை நம்பிக்கையான ஒருவர் கையில்தான் கொடுப்பார்கள். அவ்வளவு நம்பிக்கை!

உங்கள் வீட்டில் வலியோடு வாழும் ஒருவர் இருக்கிறாரா? அவருடைய கயிற்றின் மறுநுனி உங்கள் கையில் இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்!