ரோபோவுக்கு உடம்பு கொடுப்பது யார்?

'மெக்கானிக்கல் படிச்சிட்டு ரோபோட்டிக்ஸ் கம்பெனியில இன்டர்ன்ஷிப்பா? அதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு!' கல்லூரிகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. உண்மை வேறு.

சென்னை ஐ.ஐ.டி-யில் உருவான 'ஹோமோசெப்' ரோபோவையே பாருங்கள். செப்டிக் டேங்கில் மனிதர் இறங்கி உயிரிழப்பதைத் தடுக்க வந்த கருவி. டேங்கின் வாய் சின்னது. உள்ளே கழிவு இறுகிக் கிடக்கும். அதனால் மடங்கியபடி உள்ளே போய், குடைபோல விரிந்து சுழலும் பிளேடை வடிவமைத்தார்கள். அது கலக்கிய கழிவை பம்ப் உறிஞ்சிவிடும். இதற்கு விதை, ஒரு மாணவரின் முதுகலை இறுதியாண்டு புராஜெக்ட்!

மடங்கும் மூட்டு, பிளேடின் உறுதி, மோட்டாரின் டார்க்... இவையெல்லாம் மெக்கானிக்கல் பாடங்கள்தானே?

விண்ணப்பிக்கும்போது மார்க் ஷீட்டோடு நிறுத்தாதீர்கள். நீங்களே செய்த ஒரு கிரிப்பரோ, கியர்பாக்ஸோ இருந்தால் அதன் டிசைன், போட்டோ, எங்கே உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்ற குறிப்பு எல்லாவற்றையும் இணையுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் மட்டும் நீட்டும் இடங்களிடம் உஷார்! சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த மெஷினில் வேலை? யார் கற்றுத் தருவார்? உதவித்தொகை உண்டா? தெளிவான பதில் வரவில்லையா? அந்தப் பணத்தில் ஒரு மோட்டார் வாங்கி, வீட்டிலேயே செய்து பழகுவது மேல்.