பிள்ளை பெற்ற பிறகு அடுத்த பேறு எப்போது? முடிவு நம் கையில்



சந்தா, சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை என்று எல்லாவற்றையும் குழுக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசுகிறோம். நம்ம உடம்பைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் குரல் தாழ்ந்து விடுகிறது. புன்னக்காயலில் கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களிடம் கருத்தடை பற்றிப் பேசியபோதும் இதைத்தான் பார்த்தோம். கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு எழுந்த பிறகு ஒவ்வொருவராக ஒதுங்கி வந்து கேட்டார்கள். எல்லோருக்கும் பயன்படும் கேள்விகள் என்பதால் பதிலை இங்கே எழுதுகிறோம்.

"பால் குடுக்கும்போது பிள்ளை உண்டாகாதுல்லா?"

இது பாதி உண்மை. தாய்ப்பால் கருவைத் தடுக்கும். ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு.

1. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது.
2. பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கு திரும்ப வந்திருக்கக் கூடாது.
3. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். பவுடர் பால், சர்க்கரைத் தண்ணீர், வெறும் தண்ணீர் எதுவும் கூடாது.

மூன்றும் சேர்ந்து இருந்தால் 100 பேரில் 98 பேருக்கு மேல் பாதுகாப்புக் கிடைக்கும். ஒன்று தவறினாலும் இந்த முறையை நம்ப முடியாது. கருவாடு காயப்போடவோ மீன் விற்கவோ போகும்போது பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகிறோம். பிள்ளை அழுதால் அவர்கள் புட்டிப்பால் கொடுக்கிறார்கள். அன்றிலிருந்து வேறு ஒரு முறை தேவை.

"தீட்டு வரட்டும், பெறவு பாத்துக்கிடலாம்" என்று காத்திருப்பவர்களும் உண்டு. கருமுட்டை வெளிவருவது முதலில், மாதவிலக்கு வருவது அதற்குப் பிறகு. அதனால் ஒரு தடவைகூட தீட்டு வராமலே அடுத்த கரு தங்கலாம். பால் கொடுக்காத தாய்க்கு, பிரசவமாகி ஒரு மாதத்திலேயே கருமுட்டை வெளிவர வாய்ப்பு உண்டு.

எவ்வளவு இடைவெளி வேண்டும்?

ஒரு பிள்ளை பிறந்து குறைந்தது இரண்டு ஆண்டு கழித்தே அடுத்த கருவுக்கு முயல வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியென்றால் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று வயது வித்தியாசம் இருக்கும். கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பால் கொடுப்பதிலும் தாயின் உடம்பிலிருந்து இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் போகின்றன. அது திரும்பச் சேர நாள் ஆகும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பச்சை உடம்பு தேறும் முன்பே அடுத்த கரு தங்கினால் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த பிள்ளை என்று ஆபத்துகள் கூடும். மடியில் இருக்கும் பிள்ளைக்கும் பால் குறையும்.

என்னென்ன முறைகள் உள்ளன?

கீழ்க்கண்டவை எல்லாம் அரசுத் திட்டத்தில் இலவசம். எது பொருந்தும் என்பதை மருத்துவரோ செவிலியரோ பரிசோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

காப்பர்-டி: நஞ்சுக்கொடி வந்தவுடனோ, பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள்ளோ போடலாம். அதைத் தவறவிட்டால் ஆறு வாரம் கழித்துத்தான் போட வேண்டும். 10 ஆண்டு வேலை செய்யும் வகையும், 5 ஆண்டு வேலை செய்யும் வகையும் உண்டு. பால் குறையாது. எடுத்துவிட்டால் உடனே கரு தங்கலாம். "மேல ஏறி நெஞ்சுக்குப் போயிருமாமே?" என்று கேட்டார்கள். நெஞ்சுக்குப் போக வழியே இல்லை. ஆனால் பிரசவத்தை ஒட்டிப் போட்டது தானாக வெளியே வந்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் ஆறாவது வாரம் கட்டாயம் போய்ப் பார்த்துக் கொள்ளுங்கள். முதல் சில மாதம் உதிரப்போக்கும் வயிற்று வலியும் கூடலாம். காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், கடுமையான அடிவயிற்று வலி இருந்தால் அன்றைக்கே போங்கள்.

அந்தரா ஊசி: மூன்று மாதத்துக்கு ஒன்று. பால் கொடுக்கும் தாய் பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் போடலாம். தீட்டு முன்பின்னாக வரும், சிலருக்கு நின்றே போகும். அது இந்த ஊசியின் இயல்பு. ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்க 7 முதல் 10 மாதம் ஆகலாம் என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

சாயா மாத்திரை: இதில் ஹார்மோன் கிடையாது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. ஞாயிறும் புதனும் என்று வைத்துக் கொண்டால், நான்காவது மாதத்திலிருந்து ஞாயிறு பூசை முடிந்து வந்து ஒன்று போட்டால் போதும். பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்றது.

மாலா-என்: தினமும் போடும் மாத்திரை. பால் கொடுக்கும் தாய் முதல் ஆறு மாதம் இதைப் போடக் கூடாது. பக்கத்து வீட்டு மைனியிடம் வாங்கிப் போடும் பழக்கத்தை விடுங்கள்.

ஆணுறை: எப்போதும் பயன்படுத்தலாம், பக்கவிளைவு இல்லை. பால்வினை நோய்களையும் எச்.ஐ.வி.யையும் தடுப்பது இது ஒன்றுதான். தங்குகடலுக்கோ வெளியூர்த் தொழிலுக்கோ போய்விட்டு இடைவெளி விட்டு வரும் வீட்டுக்காரர்களுக்குப் பொருத்தமான முறை.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்: நிதானமாக முடிவெடுங்கள்

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். பிரசவமாகி ஏழு நாளைக்குள் செய்யலாம், அல்லது ஆறு வாரம் கழித்துச் செய்யலாம். இனிப் பிள்ளை வேண்டாம் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு நல்ல முறை. ஆனால் இதை நிரந்தரம் என்று நினைத்தே செய்ய வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமியை நம் கடற்கரை மறக்காது. நாகப்பட்டினம் பக்கம் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே ஆபரேஷன் செய்திருந்தார்கள். குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவை சிகிச்சைக்கு அரசு உதவியது. சிலருக்குப் பிள்ளை பிறந்தது. எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு பிள்ளையும் கைக்குழந்தையாக இருக்கும்போது, வயது இருபத்திரண்டு இருபத்துமூன்றாக இருக்கும்போது, காப்பர்-டி போன்ற முறையில் சில ஆண்டு தள்ளிப்போட்டு முடிவெடுக்கவும் வழி உண்டு.

ஆண்கள் எங்கே?

அதே 2019-21 ஆய்வின்படி இந்தியாவில் திருமணமான 100 பெண்களில் ஏறக்குறைய 38 பேர் ஆபரேஷன் செய்தவர்கள். கணவர் செய்து கொண்டதோ ஆயிரத்தில் 3 பேர் மட்டும். "அவுகளுக்குச் செஞ்சா பெறவு வலை இழுக்க முடியாதுன்னு சொல்லுதாவ" என்றார் ஒரு தோழி. தழும்பில்லாத ஆண் கருத்தடையில் கத்தி வைப்பதில்லை, சில நிமிடத்தில் முடியும். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருத்தல், அவ்வளவுதான். பலம் குறையாது, தாம்பத்தியமும் மாறாது. ஆனால் மூன்று மாதம் வரை ஆணுறை பயன்படுத்தி, விந்துப் பரிசோதனை செய்த பிறகே பலன் உறுதி. பெண்ணுக்குச் செய்யும் ஆபரேஷனைவிட இது எளிது. இதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

வேத போதகப்படி இயற்கை முறைதான் என்பவர்களுக்கு

நம் ஊரில் பலருக்கு இது மனச்சாட்சிப் பிரச்சினை. கத்தோலிக்கத் திருச்சபை இயற்கை முறைகளை மட்டுமே ஏற்கிறது. அந்த நம்பிக்கையை மதிக்கிறோம். அப்படிப்பட்ட தோழிகள் மேலே சொன்ன தாய்ப்பால் முறையை மூன்று நிபந்தனைகளோடும் சரியாகக் கடைப்பிடிக்கலாம். ஆறு மாதத்துக்குப் பிறகு நாள் கணக்கு முறை என்றால், பிரசவத்துக்குப் பின் தீட்டு ஒழுங்குக்கு வரும் வரை கணக்குத் தவறும். பயிற்சி பெற்றவரிடம் கற்றுக் கொள்ளுங்கள். இதற்குக் கணவரின் ஒத்துழைப்பு இல்லாமல் முடியாது.

கேட்காமல் எதையும் போடக் கூடாது

எந்த முறையானாலும் நமக்கு விளக்கிச் சொல்லி, நம் சம்மதம் பெற்ற பிறகே செய்ய வேண்டும். வலியில் கிடக்கும்போது தலையாட்டுவது சம்மதம் ஆகாது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் முகாமில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். 13 பெண்கள் இறந்தார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம், இப்படி முகாம் போட்டு ஆபரேஷன் செய்வதை மூன்று ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும், ஆபத்துகளையும் பின்விளைவுகளையும் பெண்ணின் சொந்த மொழியில் விளக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பெண்கள் உயிர் கொடுத்துக் கிடைத்த உரிமை இது. ஆபரேஷனுக்குக் கணவர் கையெழுத்து வேண்டும் என்று மத்திய அரசின் விதிமுறையில் இல்லை என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள்.

அதனால் ஏழாவது எட்டாவது மாதப் பரிசோதனையிலேயே கிராம சுகாதார செவிலியரிடம் பேசி முடிவெடுங்கள். பிரசவம் முடிந்து வீடு திரும்பும் முன் இந்த நான்கையும் கேளுங்கள்.

* எனக்கு ஏதாவது கருத்தடை சாதனம் போட்டிருக்கிறதா? அதன் பெயர் என்ன?
* எத்தனை ஆண்டுக்கு? அட்டையில் எழுதித் தந்தீர்களா?
* திரும்ப எப்போது வர வேண்டும்?
* வேண்டாம் என்றால் எங்கே வந்து எடுக்கலாம்?

எடுத்துவிடச் சொல்வதும் நம் உரிமைதான். சந்தேகம் இருந்தால் 104 எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

எல்லாம் மீறிக் கரு தங்கிவிட்டால் மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தானாகப் போடாதீர்கள். உதிரப்போக்கு நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம். கருத்தடை தவறி உண்டான கருவைச் சட்டப்படி கலைக்க வழி இருக்கிறது. நாள் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை

உங்கள் குழுவில் கர்ப்பிணிகள், ஒரு வயதுக்குள் பிள்ளை உள்ள தாய்மார்கள் எத்தனை பேர் என்று ஊக்குநர் கணக்கெடுங்கள். கிராம சுகாதார செவிலியரை அழைத்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்தக் கட்டுரையை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். மாமியார்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், வீட்டில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு அதிகம். கேள்விகளைக் கூட்டம் முடிந்த பிறகு கேட்க வேண்டாம், கூட்டத்திலேயே கேளுங்கள். நம் ஒருத்தியின் கேள்வி இன்னொருத்தியின் உயிரைக் காக்கும்.