பெட்டி மாறிய வீட்டில் படம் வராதபோது

திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் இருப்புப்பாதை ஆழ்வார்குறிச்சி நிலையத்தைத் தொட்டுச் செல்கிறது. நெடுங்காலம் அது மீட்டர் பாதையாக இருந்தது. தண்டவாளங்களுக்கிடையே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி. 2012ஆம் ஆண்டு அது அகலப்பாதையாகத் திறக்கப்பட்டபோது அவ்விடைவெளி 1,676 மில்லிமீட்டர் ஆயிற்று. ஊர் அதுவே, நிலையமும் அதுவே. ஆயினும் பழைய பெட்டிகள் புதிய பாதையில் ஓட இயலவில்லை. அவை பழுதுபட்டவை அல்ல. பாதை மாறிவிட்டது, அவ்வளவே.

இன்று நம் இல்லங்கள் பலவற்றில் இதனையொத்த மாற்றம் நிகழ்ந்து வருகிறது. தொலைபேசிச் செம்புக் கம்பி வழியே இணையம் பெற்றுவந்த குடும்பங்கள் கண்ணாடி இழைக்கு மாறுகின்றன. ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றை நாடுவோரும் உண்டு. பழைய ரூட்டர் கழற்றப்படுகிறது. புதியது சுவரில் ஏறுகிறது. பொருத்த வந்த இளைஞர் தம் கைப்பேசியில் வேகத்தைக் காட்டிவிட்டு விடைபெறுகிறார். அன்று மாலையோ, மறுநாள் காலையோதான் தொல்லை தெரியவருகிறது. கைப்பேசியில் எல்லாம் வருகின்றன. தொலைக்காட்சியில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "டி.வி. போய்விட்டது" என்று முடிவு கட்டுவோரும் உளர், நிறுவனத்தாரை ஏசுவோரும் உளர். பெரும்பாலும் இவ்விரண்டும் காரணம் அல்ல. வீட்டிலுள்ள கருவிகள் பழைய பாதையையே தேடிக்கொண்டிருக்கின்றன என்பதே உண்மை.

இதனால் யாருக்கு இழப்பு?

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய செய்தி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. கோவிலுக்கு நடந்து செல்ல வலிமையுள்ள ஒருவருக்குத் திரையில் காணும் திருப்பலி ஒருபோதும் ஈடாகாது. இதனைத் திருச்சபை தெளிவாகவே கூறிவருகிறது. ஆனால் படுக்கையை விட்டு எழ இயலாத பாட்டிக்கும், பக்கவாதத்தால் முடங்கிய தந்தைக்கும் அத்திரை ஓர் ஆறுதல். அசிசி நகர்ப் புனித கிளாரா நோயுற்றிருந்த ஒரு கிறிஸ்மஸ் இரவில், தம் அறையிலிருந்தவாறே திருப்பலியைக் கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. இதனை முன்னிட்டே 1958ஆம் ஆண்டு பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாள்களில் நாம் அனைவருமே அந்நிலைக்கு உள்ளானோம். அன்று நமக்கு நேர்ந்தது, இன்றும் எத்தனையோ முதியோருக்கு நாள்தோறும் நேர்கிறது. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் மக்களின் முகத்தையும் அவர்கள் இத்திரையிலேதான் காண்கின்றனர். படம் நின்றுபோனால் இளைஞர் கைப்பேசிக்கு மாறிக்கொள்வர். முதியவரோ வாய்திறவாது இருந்துவிடுவார்.

முதலில் பார்க்க வேண்டியவை

பிழை வீட்டுக்கு வெளியிலா, உள்ளேயா என்பதை முதலில் அறிதல் வேண்டும். கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்துசேரவில்லை என்பது பொருள். இழை எங்கேனும் அறுந்திருக்கலாம். அல்லது பீரோவை நகர்த்தும்போது கூர்மையாக மடங்கியிருக்கலாம். இழை கண்ணாடியாதலின் அதனை இழுக்கவோ மடிக்கவோ கூடாது. நிறுவனத்துக்குத் தெரிவிப்பதே வழி.

அவ்விளக்கு சிவக்கவில்லையெனில் கைப்பேசியைப் பெட்டியின் அருகே கொண்டுவந்து சோதிக்கலாம். ஆனால் சிம் கார்டின் மொபைல் டேட்டாவை முதலில் நிறுத்திவிட வேண்டும். பலர் இதனை மறந்து, சிம் வழியே வரும் படத்தைக் கண்டு, வீட்டு இணையம் நன்றாயிருப்பதாக எண்ணி ஏமாறுகின்றனர். அடுத்து எல்லாவற்றையும் அணைத்து, இழைப் பெட்டியை முதலிலும், இரண்டு மூன்று நிமிடங்களுக்குப் பின் ரூட்டரையும், இறுதியில் தொலைக்காட்சியையும் போட வேண்டும். இவ்வொழுங்கிலேயே சில தொல்லைகள் தீர்ந்துவிடும்.

பெயரும் கடவுச்சொல்லும்

தீராதவற்றுள் முதன்மையானது பெயர் மாற்றம். ஒவ்வொரு ரூட்டரும் தனக்கென ஒரு வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கொண்டது. தொலைக்காட்சி பழைய பெயரையே நினைவில் வைத்துத் தேடிக்கொண்டிருக்கும். அதன் அமைப்புப் பகுதிக்குச் சென்று, புதிய பெயரைத் தேர்ந்து, புதிய கடவுச்சொல்லை இடவேண்டும். இதனினும் எளிய வழியொன்று உண்டு. புதிய ரூட்டருக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும், எழுத்துப் பிசகாமல், இட்டுவிட்டால் பெரும்பாலான கருவிகள் தாமாகவே இணைந்துகொள்ளும். பொருத்த வருபவரிடம் கேட்டால் அவரே செய்து தருவார்.

புதிய பெயர் தொலைக்காட்சியில் தென்படவே இல்லையெனில், இரு காரணங்கள் இருக்கலாம். புதிய ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் பேசுகின்றன. பழைய தொலைக்காட்சிகள் பல முதலாவதை மட்டுமே அறியும். ஆகவே அது அணைக்கப்படாமல் இருக்க வேண்டும். மற்றொன்று பாதுகாப்பு முறை. புதிய ரூட்டர் 'டபிள்யூ.பி.ஏ. 3' என்னும் முறைக்கு மட்டும் அமைக்கப்பட்டிருந்தால் பழைய கருவி அதனோடு இணையாது. 2, 3 இரண்டும் கலந்த முறையில் வைத்தால் போதும்.

5 கிகாஹெர்ட்ஸ் வேகம் மிக்கது. ஆனால் சுவரைக் கடக்கும் ஆற்றல் குறைந்தது. கனத்த சுவர்கள் கொண்ட பழைய வீடுகளில் முன்கூடத்துப் பெட்டியின் அலை பின்கட்டு அறையை எட்டாது. அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸே நம்பத்தக்கது. ரூட்டரை இரும்பு பீரோவின் பின்னால் மறைத்துவிடாமல், வீட்டின் நடுப்பகுதியில், உயரத்தில் வைத்தல் நலம்.

ஒரே கூரை, இரு வலைகள்

கைப்பேசிப் படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்ப விரும்புவோர், இரண்டும் ஒரே வலையில் இருத்தல் வேண்டும் என்பதை அறிக. ஒன்று விருந்தினருக்கான வைஃபையில் இருந்தால் மற்றொன்று அதனைக் காணாது. கழற்றிய பழைய ரூட்டரை வீணாக்க மனமின்றி, பின் அறைக்கென்று புதியதோடு இணைத்து வைப்போரும் உண்டு. அப்போது வீட்டுக்குள் இரு வலைகள் உருவாகி, கருவிகள் ஒன்றையொன்று அறியாமல் பிரிந்துவிடும். பழையதை 'ஆக்சஸ் பாயிண்ட்' என்னும் நிலைக்கு மாற்றினால் வீடு மீண்டும் ஒரே வலையாகும்.

புதுநன்மை, திருமணம் போன்ற விழாக்களின் படங்களைக் கணினியில் சேர்த்துவைத்துத் தொலைக்காட்சியில் காணும் குடும்பங்களுக்கு இன்னொரு தொல்லை நேரலாம். வீட்டினுள் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்முகவரி உண்டு. பழைய ரூட்டர் 192.168.1 எனத் தொடங்கும் முகவரிகளைத் தந்திருக்க, புதியது 192.168.29 எனத் தொடங்குபவற்றைத் தரக்கூடும். கணினிக்கு நிலையான முகவரி எழுதி வைத்திருந்தால் அது பழைய தெருவிலேயே நின்றுவிடும். முகவரியைத் தானாகப் பெறுமாறு மாற்றினால் சரியாகும்.

படம் வந்து, அடிக்கடி நின்று நின்று செல்லுமாயின் வேகத்தைச் சோதிக்கலாம். தெளிவான படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் அளவே போதும். மிக நுண்ணிய '4கே' படத்துக்கு 15 முதல் 20 வரை தேவைப்படும். 50 மெகாபிட் சந்தா செலுத்தியும் படம் தடுமாறினால், குறை பெரும்பாலும் வைஃபை அலையில்தான். ரூட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு நேரே ஒரு லேன் கம்பி போட்டுப் பார்த்தால் ஐயம் தீரும். தொலைக்காட்சியின் நாளும் நேரமும் தவறாக இருந்தாலும் சில செயலிகள் திறவா என்பதையும் கருத்திற்கொள்க.

பெற்றோர் மறக்கலாகாதது

இதுகாறும் கூறியவை படம் வராமையைப் பற்றியவை. வரக்கூடாத படம் வந்துவிடுவது அதனினும் பெரிய தொல்லை. பிள்ளைகளின் நலன் கருதிப் பழைய ரூட்டரில் தீய தளங்களைத் தடுத்தும், இரவு நேரத்தில் இணையத்தை நிறுத்தியும் அமைத்திருந்தோமெனில், அக்காவல்கள் அனைத்தும் பெட்டியோடு போய்விட்டன. புதியதில் அவற்றை மீண்டும் அமைத்தல் பெற்றோர் கடமை. ரூட்டரின் அமைப்புப் பகுதிக்குரிய கடவுச்சொல்லும் தொழிற்சாலை இட்டபடியே இருத்தலாகாது. பழைய பெட்டியைக் கொடுக்குமுன் அதன் பின்புறமுள்ள 'ரீசெட்' பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி நம் விவரங்களை அழித்துவிட வேண்டும்.

கடவுச்சொல்லை வெளியூரில் வாழும் மகன் மட்டும் அறிந்திருத்தல் போதாது. அதனைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் குடும்பப் பத்திரங்களோடு வைப்போம். பொருத்த வந்தவரை வழியனுப்புமுன், வீட்டின் மிக முதியவர் அல்லது நோயாளி காணும் திரை இயங்குகிறதா என்று முதலில் பார்ப்போம். பத்துக் கருவிகளில் ஒன்பது இணைந்துவிட்டன என்று நிறைவடைவது நமக்குத் தகாது. தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிச்சென்ற ஆயனின் மந்தையைச் சேர்ந்தவர்கள் நாம். எஞ்சிய அந்த ஒன்று, பெரும்பாலும் பின்கட்டு அறையில் பாட்டியின் கட்டிலுக்கு எதிரே இருப்பது.